செயற்கை நுண்ணறிவும் கலையும் அருங்காட்சியகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலைப் படைப்பிலும் அருங்காட்சியகப் பணியிலும் செயற்கை நுண்ணறிவு என்ன மாற்றங்களைக் கொண்டுவந்துள்ளது என்பது பற்றி அடிக்கடி எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. விடைகள் அனைத்துக்கும் அடியில் ஓர் அக்கறை ஓடுகிறது. கணினி தருவது ஊகம். அருங்காட்சியகம் காப்பது சான்று. இவை இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடாத இடங்களில் இந்தத் தொழில்நுட்பம் பெரும் நன்மை செய்திருக்கிறது. கலந்துவிட்ட இடங்களில்தான் குழப்பம் விளைந்திருக்கிறது.

அருங்காட்சியகங்கள் செயற்கை நுண்ணறிவை எதற்குப் பயன்படுத்துகின்றன?

பெரும்பாலான வேலை பார்வையாளர் கண்ணில் படாத இடத்தில் நடக்கிறது. ஒரு பெரிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் காட்சிக்கு வைக்கப்படுவது சிறு பகுதியே. மீதமெல்லாம் கிடங்குகளில் இருக்கிறது. அவற்றில் பலவற்றுக்கு ஒரு பதிவு எண்ணும் ஒருவரிக் குறிப்பும் தவிர வேறு விவரம் இருப்பதில்லை. லட்சக்கணக்கான பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, படத்தில் இருப்பது குதிரையா படகா, ஆணா பெண்ணா, கடலா வயலா என்று எழுதி முடிக்க ஒரு தலைமுறைக் காலமும் போதாது. படங்களை அடையாளம் காணும் மென்பொருள் முதலில் நுழைந்தது இங்கேதான்.

நியூயார்க்கில் உள்ள நவீனக் கலை அருங்காட்சியகம் கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சருடன் சேர்ந்து செய்து, 2018-இல் வெளியிட்ட பணி நல்ல எடுத்துக்காட்டு. அங்கு 1929 முதல் நடந்த கண்காட்சிகளின் அறைகளைக் காட்டும் புகைப்படங்கள் 30,000-க்கும் மேல் இருந்தன. எந்தப் புகைப்படத்தில், எந்தச் சுவரில், எந்த ஓவியம் தொங்குகிறது என்ற குறிப்பு பலவற்றுக்கு இல்லை. இணையத்தில் ஏற்றப்பட்டிருந்த சேகரிப்புப் படங்களோடு இந்தப் புகைப்படங்களை மென்பொருள் ஒப்பிட்டு, 20,000-க்கும் மேற்பட்ட பொருத்தங்களைக் கண்டறிந்தது. ஓர் ஓவியம் எந்தெந்தக் கண்காட்சிகளில் இடம்பெற்றது என்ற வரலாறு இதனால் யாரும் தேடிப் பார்க்கும்படி ஆகியது.

ஹார்வர்டு கலை அருங்காட்சியகங்கள் இன்னொரு வழியை எடுத்துக்கொண்டன. தம் சேகரிப்பின் படங்களைப் பல நிறுவனங்களின் அடையாளம் காணும் சேவைகளுக்குக் கொடுத்து, அவை ஒவ்வொன்றும் சொன்னதைத் தனித் தளம் ஒன்றில் அருகருகே வெளியிட்டிருக்கின்றன. ஒரே படத்தைப் பற்றி ஒரு சேவை சொல்வது மற்றொன்று சொல்வதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை அங்கே யாரும் பார்க்கலாம். காப்பாட்சியர் எழுதிய குறிப்பும் கணினி எழுதிய குறிப்பும் ஒரே பத்தியில் கரைந்துபோகாமல் தனித்தனியே நிற்கும் இந்த ஏற்பாடு, மற்ற நிறுவனங்களும் பின்பற்றத் தக்கது.

ஓர் ஓவியத்தில் இழந்துபோன பகுதியைக் கணினியால் மீட்க முடியுமா?

இழந்தது திரும்பி வராது. அது எப்படி இருந்திருக்கக்கூடும் என்று காட்ட முடியும். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் 2021-இல் செய்த பணி இதை விளக்கப் போதுமானது. இந்தத் துறையில் இதுவரை நடந்தவற்றுள் மிகக் கவனமாகச் செய்யப்பட்டதும் அதுவே என்று கருதுகிறேன்.

ரெம்பிராண்ட் 1642-இல் வரைந்து முடித்த ‘இரவுக் காவல்’ ஓவியத்தை 1715-இல் ஆம்ஸ்டர்டாம் நகர மன்றத்துக்கு மாற்றியபோது, புதிய சுவரில் அது பொருந்தவில்லை. எனவே நான்கு பக்கமும் வெட்டினார்கள். இடப்பக்கத்தில் மட்டும் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் போயிற்று. வெட்டிய துண்டுகள் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் வெட்டுவதற்கு முன்பே கெரிட் லுண்டன்ஸ் என்ற ஓவியர் அதைச் சிறிய அளவில் படியெடுத்திருந்தார். ஆக, எது இருந்தது என்பதற்குச் சான்று உண்டு. ஆனால் அது வேறொருவர் கையில், வேறு அளவில், வேறு வண்ணச் சாயலில் அமைந்த சான்று.

அருங்காட்சியகத்தின் முதுநிலை விஞ்ஞானி ராபர்ட் எர்ட்மன் இதற்கு நியூரல் நெட்வொர்க்குகளை, அதாவது எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் கணினி நிரல்களை, பயன்படுத்தினார். முதலில் அசலிலும் படியிலும் ஒன்றுக்கொன்று ஒத்த புள்ளிகள் கண்டறியப்பட்டன. அடுத்து, லுண்டன்ஸின் படியில் இருந்த வடிவக் கோணல்கள் அசலோடு பொருந்தும்படி சரிசெய்யப்பட்டன. கடைசியாக, இரண்டிலும் எஞ்சியிருக்கும் பகுதிகளைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, லுண்டன்ஸின் ஒரு கட்டத்தை ரெம்பிராண்டின் அதே இடத்துக் கட்டமாக மாற்றுவது எப்படி என்று கணினிக்குப் பயிற்சி தரப்பட்டது. பயிற்சி முடிந்த பிறகு, அசலில் இல்லாத பகுதியின் கட்டங்களையும் அது அவ்வாறே மாற்றித் தந்தது. கணினி தன் விருப்பப்படி எந்த உருவத்தையும் சேர்க்கவில்லை. படியில் இருந்த உருவங்களின் தோற்றத்தைத்தான் மாற்றியது.

இதன் பயன் கண்கூடானது. இன்று நாம் காணும் ஓவியத்தில் படைத்தலைவரும் அவருடைய துணைவரும் ஏறத்தாழ நடுவில் நிற்கிறார்கள். இடப்பக்கம் சேர்ந்தவுடன் இருவரும் நடுவிலிருந்து வலப்புறம் நகர்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் வெற்றிடம் தோன்றி, கூட்டம் முழுவதும் அதை நோக்கி நடப்பது போன்ற வேகம் பிறக்கிறது. ஓவியர் அமைத்த ஓட்டம் அதுவே.

அச்சிட்டு வார்னிஷ் பூசிய அந்தத் துண்டுகள் ஓவியத்தைச் சுற்றிச் சில மாதங்கள் மட்டும் பொருத்தப்பட்டன. அவை அசல் துணியில் ஒட்டப்படவில்லை. காட்சிக் காலம் முடிந்ததும் அகற்றப்பட்டன. இந்தப் பணியின் நேர்மை அதில்தான் இருக்கிறது.

படியே இல்லாத, முற்றிலும் அழிந்துபோன ஓவியங்களையும் இப்படி மீட்டிருக்கிறார்களாமே?

வியன்னா பல்கலைக்கழகத்துக்காக குஸ்டாவ் கிளிம்ட் வரைந்த மூன்று பெரிய ஓவியங்கள் 1945-இல் இம்மென்டார்ப் மாளிகைத் தீயில் எரிந்துபோயின. அவற்றின் முழுத் தோற்றத்துக்குக் கருப்பு வெள்ளைப் புகைப்படங்களே எஞ்சின. 2021-இல் கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சரும் வியன்னாவின் பெல்வடேர் அருங்காட்சியகமும் சேர்ந்து, கிளிம்ட்டின் மற்ற ஓவியங்களையும், அக்காலத்தவர் அந்த ஓவியங்களின் நிறங்களைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகளையும் கொண்டு வண்ணமேற்றிய வடிவத்தை உருவாக்கின.

இதை ‘இரவுக் காவல்’ பணிக்கு நிகராக வைக்க முடியாது. அங்கே வண்ணம் தீட்டிய படி ஒன்று கையில் இருந்தது. இங்கே சில இடங்களின் நிறத்துக்கு மட்டும் எழுத்துச் சான்று உண்டு. ஏனைய இடங்கள் எல்லாம் கணக்கிட்ட அனுமானம். இரண்டையும் செய்திகள் ‘மீட்டெடுப்பு’ என்றே குறிப்பிட்டன. திரையில் பார்ப்பவருக்கு எந்தச் சதுரம் சான்றின் மேல் நிற்கிறது, எது ஊகத்தின் மேல் நிற்கிறது என்பது தெரிவதில்லை. இத்தகைய படங்களை வெளியிடுவோர், சான்றுள்ள பகுதிகளைத் தனியே குறித்துக் காட்டும் இன்னொரு படத்தையும் உடன் வைக்க வேண்டும்.

பழுதுபட்ட ஓவியங்களைச் சீர்செய்யும் பணியில் என்ன மாற்றம் வந்துள்ளது?

முதல் மாற்றம் ஆய்வில் வந்தது. வான் ஐக் சகோதரர்களின் ‘கென்ட் பலிபீட ஓவியம்’ 1432-இல் முடிக்கப்பட்டது. அதில் ஆதாம், ஏவாள் உருவங்கள் உள்ள பலகைகளின் இரு புறமும் ஓவியம் உண்டு. அத்தகைய பலகையை எக்ஸ்ரே எடுத்தால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எது எந்தப் பக்கத்தின் கோடு என்று பிரித்தறிய முடியாதபடி வரும். 2019-இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி, டியூக் பல்கலைக்கழகம், லண்டன் நேஷனல் கேலரி ஆகியவற்றின் ஆய்வாளர்கள், இரு பக்கங்களின் சாதாரணப் புகைப்படங்களைக் கணினிக்குக் கொடுத்து, அந்தக் கலவையான எக்ஸ்ரேயை இரண்டு தனிப் படங்களாகப் பிரித்தார்கள். விரிசலும் பழைய ஒட்டுவேலையும் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை என்பது அதன்பின் தெளிவாயிற்று.

இரண்டாவது மாற்றம் கைவேலையில் வந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வு மாணவர் அலெக்ஸ் கச்கின், 2025 ஜூனில் ‘நேச்சர்’ இதழில் ஒரு முறையை வெளியிட்டார். 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த, மிகவும் சிதைந்த ஓர் எண்ணெய் ஓவியத்தை ஸ்கேன் செய்து, அதன் சேதங்களைக் கணினியால் கணித்தார். சீர்செய்ய வேண்டிய இடங்கள் 5,612. அவற்றை நிரப்பத் தேவைப்பட்ட வண்ணங்கள் 57,314. அந்த வண்ணங்களைத் தூரிகையால் ஓவியத்தின் மேல் தீட்டாமல், மெல்லிய படலம் ஒன்றில் அச்சிட்டு, ஓவியத்தின் மேல் பொருத்தினார். அதற்கு ஆன நேரம் மூன்றரை மணி. வழக்கமான கைவேலையைவிட ஏறத்தாழ 66 மடங்கு வேகம் என்று அவர் மதிப்பிடுகிறார்.

வேகத்தைவிட முக்கியமானவை வேறு இரண்டு. அந்தப் படலத்தை ஓவியப் பாதுகாப்பு வல்லுநர்கள் பயன்படுத்தும் கரைப்பான்களால் நீக்கிவிடலாம். எந்த இடத்தில் எந்த வண்ணம் நிரப்பப்பட்டது என்பதற்கு டிஜிட்டல் பதிவு இருக்கும். பழைய காலத்தில் சீர்செய்தவர்கள் எதைத் தொட்டார்கள் என்று கண்டறியவே இன்று ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது. நாளை வருபவருக்கு அந்தச் சிரமம் இராது.

ஓர் ஓவியம் அசலா போலியா என்று செயற்கை நுண்ணறிவு உறுதியாகச் சொல்லிவிடுமா?

சொல்லாது. ஒரு சதவீதத்தைத் தரும். அந்தச் சதவீதம் எதைப் பற்றியது என்று கேட்டால்தான் அதற்குப் பொருள் உண்டு.

லண்டன் நேஷனல் கேலரி 1980-இல் வாங்கிய ‘சிம்சோனும் தெலீலாளும்’ ரூபன்ஸ் வரைந்ததா என்ற ஐயம் நெடுநாளாக உண்டு. 2021-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆர்ட் ரெகக்னிஷன் நிறுவனம், அது ரூபன்ஸ் கையால் ஆனதன்று என்பதற்கு 91 சதவீத நிகழ்தகவு இருப்பதாக அறிவித்தது. அருங்காட்சியகம் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இதைவிடப் பாடமாக அமைந்தது ‘டி பிரேசி டோண்டோ’ என்ற வட்ட ஓவியத்தின் விவகாரம். 2023 ஜனவரியில் பிராட்ஃபோர்டு, நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முகம் அறியும் மென்பொருளால் அதை ஆராய்ந்து, அதில் உள்ள மரியாளின் முகம் ரஃபேலின் ‘சிஸ்டைன் மடோனா’ முகத்தோடு 97 சதவீதம் ஒத்திருப்பதாகக் கண்டார்கள். எனவே அது ரஃபேலின் படைப்பே என்றார்கள். அதே ஆண்டில் ஆர்ட் ரெகக்னிஷன், அது ரஃபேல் வரைந்ததன்று என்பதற்கு 85 சதவீத நிகழ்தகவு என்றது. ஒரே ஓவியம், இரண்டு கணினிகள், எதிரெதிர் விடைகள்.

இதில் முரண்பாடு தோன்றினாலும் காரணம் எளியது. முகம் ஒத்திருப்பதும் கை ஒன்றாக இருப்பதும் வேறு வேறு. ரஃபேலின் ஓவியத்தை ஒரு திறமையான மாணவர் படியெடுத்தாலும் முகம் ஒத்துத்தான் வரும். இன்னொரு கோணத்தில் பார்த்தால், ஓர் ஓவியரின் கையைக் கற்றுக்கொள்ள மென்பொருளுக்கு ஐயமற்ற அவருடைய படைப்புகள் ஏராளமாக வேண்டும். பழைய ஓவியர்கள் விட்டுச்சென்றவை சில நூறு. அவற்றிலும் பல, பட்டறை உதவியாளர்கள் பாதி வரைந்தவை. மேலும் பல, பிற்காலத்தில் மேற்பூச்சு பெற்றவை. எது அசல் என்று வல்லுநர்கள் ஏற்கெனவே செய்த முடிவுகளையே பயிற்சித் தரவாகக் கொடுக்கிறோம். அந்த முடிவுகளில் பிழை இருந்தால் அது கணினிக்கும் போய்ச் சேரும். நிறமிகளின் வேதியியல் சோதனை, பலகையின் மரவளையக் கணிப்பு, கைமாறிய வரலாற்றைக் காட்டும் ஆவணங்கள் ஆகியவற்றோடு நான்காவது சாட்சியாகக் கணினியின் சதவீதத்தை வைக்கலாம். அதைத் தனியே தீர்ப்பாக ஏற்கும் ஏல நிறுவனமும் அருங்காட்சியகமும் ஆபத்தை விலைக்கு வாங்குகின்றன.

கல்வெட்டு, சுவடி போன்ற எழுத்துச் சான்றுகளில் இது பயன்படுகிறதா?

பயன்படுகிறது, ஊகத்தை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பதை ஓவியத் துறை இங்கிருந்து கற்றுக்கொள்ளலாம்.

கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டும் பல பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 2022-இல் வெளியிட்ட ‘இத்தாக்கா’, சிதைந்த பழைய கிரேக்கக் கல்வெட்டுகளில் விடுபட்ட எழுத்துகளைக் கணிக்கிறது. அது தனியே செய்தபோது 62 சதவீதம் சரியாக வந்தது. வரலாற்று ஆய்வாளர்கள் தனியே செய்தபோது 25 சதவீதம். அதே ஆய்வாளர்கள் இத்தாக்காவின் பரிந்துரைகளைப் பார்த்துக்கொண்டு செய்தபோது 72 சதவீதம். ஒரே விடையைத் திணிக்காமல், பல விடைகளை அவற்றின் நிகழ்தகவோடு வரிசைப்படுத்தித் தருவதால்தான் அறிஞர் தம் அறிவைச் செலுத்த அதில் இடம் கிடைக்கிறது.

இத்தாலியின் ஹெர்குலேனியத்தில் கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது கரியாகிப்போன பப்பைரஸ் சுருள்கள் உண்டு. அவற்றைப் பிரித்தால் நொறுங்கிவிடும். சுருளைச் சி.டி. ஸ்கேன் செய்து, உள்ளே உள்ள மையைக் கணினியால் கண்டறியும் ‘வெசுவியஸ் சேலஞ்ச்’ என்ற போட்டி 2023-இல் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் முதல் முழுச் சொல் அறிவிக்கப்பட்டது. ‘ஊதா’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல் அது. 2024 பிப்ரவரியில் யூசுஃப் நாதர், லூக் ஃபாரிட்டர், ஜூலியன் ஷில்லிகர் ஆகிய மூவருக்கு 7,00,000 டாலர் முதற்பரிசு வழங்கப்பட்டது.

இந்தக் கணினி மாதிரிக்குக் கிரேக்க எழுத்துகள் கற்பிக்கப்படவில்லை. ஒரு நேரத்தில் மிகச் சிறிய பரப்பைப் பார்த்து, அங்கே மை இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் அது சொல்கிறது. எழுத்தின் முழு வடிவம் தெரிந்திருந்தால் இல்லாத எழுத்தை அது கற்பனை செய்துவிடக்கூடும் என்பதே காரணம். மைப்புள்ளிகள் சேர்ந்து எழுத்தாகத் தெரியும்போது அதைப் படிப்பவர் மனிதர். அருங்காட்சியகப் பணியில் ஈடுபடும் ஒவ்வொரு மென்பொருளாளரும் இந்த வடிவமைப்பைப் படித்துப் பார்க்க வேண்டும்.

இறந்த ஓவியர்களோடு உரையாடும் கருவிகளைச் சில அருங்காட்சியகங்கள் வைத்திருக்கின்றனவே, அது சரியா?

ஃபுளோரிடாவில் உள்ள டாலி அருங்காட்சியகம் 2019-இல், சால்வடார் டாலியின் பழைய நேர்காணல் படங்களைக் கொண்டு பயிற்சி தந்து, அவர் திரையில் தோன்றிப் பார்வையாளரை வரவேற்பது போன்ற காட்சியை அமைத்தது. பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகம் 2023-இல் வான் கோவின் கடைசி மாதங்களைப் பற்றிய கண்காட்சியில், ஏறத்தாழ 900 கடிதங்களைக் கொண்டு பயிற்றுவித்த ‘வான் கோ’ ஒருவரைப் பார்வையாளர் கேள்விகளுக்கு விடை சொல்ல வைத்தது. அவர் ஏன் உயிரை மாய்த்துக்கொண்டார் என்பதைப் பலரும் கேட்டார்கள்.

என் கருத்தில், தன்மை ஒருமையில் பேசும் இத்தகைய கருவிகள் அருங்காட்சியகத்துக்கு உரியவை அல்ல. வான் கோவின் கடிதங்கள் எல்லாம் அச்சிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. ஒரு பார்வையாளரின் கேள்விக்குப் பொருத்தமான கடிதத்தைக் கணினி தேடி எடுத்து, தேதியோடும் பெறுநர் பெயரோடும் காட்டினால் அது சான்று. அதே கடிதங்களைக் கலந்து, அவர் எழுதாத வாக்கியங்களை அவர் குரலில் பேசினால், கேட்பவர் வீட்டுக்குக் கொண்டுபோவது எழுதப்படாத ஒன்றை. அதுவும் ஒருவர் உயிர்விட்ட காரணத்தைப் பற்றியது என்னும்போது, அதைச் செய்யும் உரிமை யாருக்கும் இல்லை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகம் 2024-இல் திமிங்கிலம், டோடோ பறவை உள்ளிட்ட 13 மாதிரிகள் கைபேசியில் ‘பேசும்படி’ செய்த சோதனையை இதே அளவுகோலால் அளக்க வேண்டியதில்லை. டோடோ உண்மையில் இப்படிச் சொன்னது என்று எந்தக் குழந்தையும் நம்பாது. எந்தெந்தக் கேள்விகள் வருகின்றன என்பதிலிருந்து, விவரப் பலகையில் எதை எழுத வேண்டும் என்பதை அருங்காட்சியகம் அறிந்துகொள்ளவும் அது வழி செய்தது.

கணினி உருவாக்கும் படம் கலையா?

இந்தக் கேள்வி பழையது. ஹரால்ட் கோஹன் 1966-இல் வெனிஸ் பினாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் பிரிட்டனின் சார்பில் இடம்பெற்ற ஓவியர். 1970-களின் தொடக்கத்தில் ‘ஆரோன்’ என்ற வரையும் நிரலை எழுதத் தொடங்கி, 2016-இல் இறக்கும்வரை அதை வளர்த்தார். யாருடைய ஓவியத்தையும் அதற்கு உணவாகக் கொடுக்கவில்லை. ஓர் உருவம் எப்படி அமைகிறது என்பது பற்றித் தாம் அறிந்த விதிகளை எழுதிவைத்தார்.

2018 அக்டோபரில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ‘எட்மண்ட் டி பெலமி’ என்ற மங்கலான உருவப்படம், 7,000 முதல் 10,000 டாலர் வரை மதிப்பிடப்பட்டு, 4,32,500 டாலருக்கு விற்றது. ஆப்வியஸ் என்ற பிரெஞ்சுக் குழு, 15,000 உருவப்படங்களைக் கொண்டு பயிற்றுவித்த மென்பொருளிலிருந்து அதை எடுத்தது. கையொப்பத்தின் இடத்தில் ஒரு கணிதச் சூத்திரம் அச்சிடப்பட்டிருந்தது. இயந்திரமே படைத்தது போன்ற தோற்றத்தைத் தந்த அந்தச் சூத்திரம் மறைத்த ஒன்று உண்டு: பயன்படுத்திய நிரலின் பெரும்பகுதி ராபி பாரட் என்ற இளைஞர் எழுதி இணையத்தில் பகிர்ந்தது.

படத்தின் அழகைப் பார்ப்பதற்கு முன், எதைக் கொண்டு, யாருடைய இசைவோடு, என்ன தீர்மானங்களால் அது உருவானது என்று பார்ப்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது. அன்னா ரிட்லர் 2018-இல் தாமே 10,000 துலிப் மலர்களைப் புகைப்படம் எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் நிறம், இதழின் நிலை முதலியவற்றைக் கையால் எழுதினார். அந்தத் தொகுப்பைச் சுவர் முழுதும் ஒட்டிக் காட்சிக்கு வைத்தார். அதில் பயிற்சி பெற்ற மென்பொருள் உருவாக்கும் மலர்கள் பிட்காயின் விலைக்கு ஏற்ப இதழ்க்கோடுகள் மாறிப் பூக்கின்றன. 17-ஆம் நூற்றாண்டில் டச்சு நாட்டில் துலிப் கிழங்குகளின் மேல் ஏற்பட்ட வணிக வெறியையும் இன்றைய ஊக வணிகத்தையும் அது ஒன்றாக நிறுத்துகிறது. தரவைத் தொகுப்பதே இங்கே கலைஞரின் கைவேலை.

ஹாலி ஹெர்ன்டனும் மேட் டிரைஹர்ஸ்டும் 2024-இல் லண்டன் செர்பன்டைன் காட்சிக்கூடத்துக்காக, பிரிட்டனின் 15 பாடகர் குழுக்களின் குரல்களைப் பதிவுசெய்தபோது, அந்தக் குரல்தரவை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதில் பாடியவர்களுக்கும் உரிமை இருக்கும்படி ஓர் அறக்கட்டளை அமைப்பை முன்வைத்தார்கள். நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 2022 நவம்பரில் தொடங்கிய ரெஃபிக் அனடோலின் ‘அன்சூப்பர்வைஸ்ட்’, அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்புத் தரவிலேயே பயிற்சி பெற்றது. பெருந்திரையில் ஓயாமல் உருமாறும் அதன் வண்ண அலைகளுக்கு முன் மக்கள் நெடுநேரம் அமர்ந்திருந்தார்கள். கண்ணை நிறைக்கும் படைப்புதான். ஆனால் எந்த ஓவியம் எந்த அலைக்குக் காரணம் என்று பின்தொடர வழியில்லாதபோது, சேகரிப்பைப் பற்றி அது என்ன சொல்கிறது என்ற கேள்விக்கு என்னிடம் நிறைவான விடை இல்லை.

இப்படிப்பட்ட படங்களுக்குப் பதிப்புரிமை யாருக்கு?

நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவில் மனிதர் படைத்தது மட்டுமே பதிப்புரிமை பெறும். ஸ்டீபன் தேலர் தம் கணினி அமைப்பையே படைப்பாளர் என்று குறிப்பிட்டு விண்ணப்பித்ததை 2023 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றமும், 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்கவில்லை. கொலராடோ மாநிலக் கண்காட்சிப் போட்டியில் 2022-இல் பரிசு வென்ற படத்துக்கு, குறைந்தது 624 முறை எழுத்துக் கட்டளைகளை மாற்றி மாற்றிக் கொடுத்ததாக ஜேசன் ஆலன் வாதிட்டும் 2023-இல் பதிவு மறுக்கப்பட்டது. கட்டளை எழுதுவது மட்டும் போதாது என்று அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரி அறிக்கையில் தெளிவாக்கியது; மனிதர் தேர்ந்து அடுக்கியதற்கும் கையால் திருத்தியதற்கும் மட்டும் உரிமை உண்டு.

பெய்ஜிங் இணைய நீதிமன்றம் 2023 நவம்பரில் மாறாகத் தீர்ப்பளித்தது. கட்டளைகளையும் அளவுகளையும் தேர்ந்தெடுத்ததில் பயனரின் அறிவுழைப்பு இருப்பதாகக் கருதி அவருக்கு உரிமை தந்தது. பிரிட்டனின் 1988 சட்டத்தில் கணினி உருவாக்கிய படைப்புகளுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. அதற்கான ஏற்பாடுகளைச் செய்தவரே படைப்பாளர் எனப்படுவார்.

ஓவியர்கள் ஏன் இவ்வளவு கடுமையாக எதிர்க்கிறார்கள்?

தங்கள் படைப்புகள் தங்களைக் கேட்காமல் எடுக்கப்பட்டன என்பதால்தான். 2022-இல் வெளியான லயான்-5பி என்ற தரவுத்தொகுப்பில் இணையத்திலிருந்து திரட்டிய 585 கோடிப் பட-எழுத்து இணைகள் இருந்தன. அத்தகைய தொகுப்புகளில் பயிற்சி பெற்ற மென்பொருளிடம் உயிரோடு இருக்கும் ஓர் ஓவியரின் பெயரைச் சொல்லி, அவர் பாணியில் படம் கேட்டால் சில நொடிகளில் கிடைக்கிறது. ஒருவர் இருபது ஆண்டு உழைத்துப் பெற்ற கைவண்ணத்தை அவருக்கே போட்டியாக, அவருக்கு ஒரு காசும் தராமல் விற்க முடிகிறது. இது புகைப்படக் கருவி வந்தபோது எழுந்த அச்சத்தைப் போன்றதுதான் என்று பலர் சொல்கிறார்கள். புகைப்படக் கருவி எந்த ஓவியரின் ஓவியத்தையும் உட்கொண்டு உருவாகவில்லை என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை.

சாரா ஆண்டர்சன், கெல்லி மெக்கெர்னன், கார்லா ஒர்டிஸ் ஆகிய மூன்று அமெரிக்கக் கலைஞர்கள் 2023 ஜனவரியில் இத்தகைய மென்பொருள்களை வழங்கும் நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2025-இல் கிறிஸ்டீஸ் நடத்திய செயற்கை நுண்ணறிவுக் கலை ஏலத்தை நிறுத்தச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் திறந்த மடலில் கையெழுத்திட்டனர். ஏலம் நடந்து 7,28,784 டாலர் ஈட்டியது.

அருங்காட்சியகங்களும் இந்தக் கோபத்துக்கு உள்ளாகியிருக்கின்றன. 2023-இல் வெர்மீரின் ‘முத்துத் தோடணிந்த பெண்’ ஓவியம் வேறொரு கண்காட்சிக்குப் போயிருந்தபோது, ஹேக் நகரின் மவுரிட்ஷுயிஸ் அருங்காட்சியகம் பொதுமக்கள் அனுப்பிய தழுவல்களை அந்த இடத்தில் காட்டியது. அவற்றுள் ஒன்று மென்பொருளால் உருவானது. ஓவியர்கள் வருந்தியதில் நியாயம் உண்டு: வெர்மீர் தொங்கிய சுவரில் ஓர் இடம் என்பது சிறிய மதிப்பன்று.

கணினி விவரிக்கும்போது மனிதர்களை இழிவாகக் குறிப்பிடும் ஆபத்து உண்டா?

உண்டு. கேட் கிராஃபோர்டும் டிரெவர் பாக்லனும் 2019-இல் ‘இமேஜ்நெட் ரூலெட்’ என்ற தளத்தை வெளியிட்டார்கள். தம் முகப்படத்தை ஏற்றியவர்களுக்கு, படங்களை அடையாளம் காணக் கணினிகளுக்குப் பயிற்சி தரும் இமேஜ்நெட் தரவுத்தொகுப்பின் மனிதர் பிரிவில் உள்ள பெயர்ச்சீட்டுகளிலிருந்து ஒன்று ஒட்டப்பட்டது. பலருக்கு இனவெறியும் பாலின இழிவும் கலந்த சொற்கள் வந்தன. அந்த வேளையில் இமேஜ்நெட் குழு ஏறத்தாழ 6,00,000 படங்களை நீக்குவதாக அறிவித்தது. அருங்காட்சியகத்தின் பழைய பட்டியல்களிலும் அடிமை வணிகக் காலத்துச் சொற்களும் காலனி ஆட்சியாளரின் சொற்களும் கிடக்கின்றன. அவற்றைத் திருத்தாமல் கணினிக்குப் பயிற்சியாகக் கொடுத்தால், ஒரு பட்டியலில் இருந்த இழிசொல் பத்து லட்சம் பதிவுகளில் ஏறிவிடும்.

என் ஓவியங்களைப் பயிற்சிக்கு எடுக்காமல் தடுக்க என்ன செய்யலாம்?

முழுத் தடுப்பு இல்லை. சில வழிகள் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பென் ஜாவோ குழு உருவாக்கிய ‘கிளேஸ்’ என்ற இலவச மென்பொருள் 2023-இல் வந்தது. மனிதக் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்மாற்றங்களை அது படத்தில் செய்வதால், அதில் பயிற்சி பெறும் கணினி உங்கள் பாணியை வேறு பாணியாகப் புரிந்துகொள்கிறது. 2024 ஜனவரியில் அதே குழு வெளியிட்ட ‘நைட்ஷேட்’ இன்னும் ஒரு படி மேலே போய், படத்தில் உள்ள பொருளையே தவறாகக் கற்கும்படி செய்கிறது. ஏற்கெனவே திரட்டப்பட்டுவிட்ட படங்களுக்கு இவை உதவா. மேலும், இத்தகைய தடுப்புகளை அகற்றும் முறைகளும் கூடவே உருவாகிவருகின்றன.

சட்ட வழியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 பதிப்புரிமைக் கட்டளை, உரிமையாளர் தம் படைப்பைக் கணினி படிக்கக்கூடிய வடிவில் விலக்கி வைக்க இடம் தருகிறது. அதன் செயற்கை நுண்ணறிவுச் சட்டப்படி, 2025 ஆகஸ்டு முதல் பொதுப்பயன் மாதிரிகளை (பல வேலைகளுக்கும் பயன்படும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களை) வெளியிடுவோர் எவற்றைக் கொண்டு பயிற்றுவித்தார்கள் என்ற சுருக்கத்தை வெளியிட வேண்டும். எனவே உங்கள் இணையதளத்தின் ரோபோட்ஸ் கோப்பிலும் (எவற்றை எடுக்கலாம், எவற்றை எடுக்கக்கூடாது என்று தரவு திரட்டும் நிரல்களுக்குச் சொல்லும் கோப்பு) பயன்பாட்டு நிபந்தனைகளிலும் விலக்கை எழுதிவையுங்கள். இணையத்தில் ஏற்றும் படத்தின் அளவைக் குறைத்து ஏற்றுங்கள். முழு அளவுக் கோப்பைக் கேட்பவருக்கு மட்டும் கொடுங்கள். அருங்காட்சியகமோ காட்சிக்கூடமோ உங்கள் படைப்பை வாங்கும்போது, டிஜிட்டல் படங்களைப் பயிற்சிக்குக் கொடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை ஒப்பந்தத்தில் தனி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பழைய ஒப்பந்தப் படிவங்களில் அந்த வரி இராது.